படம் நல்லாத்தான் இருந்துச்சு, முடிவுதான்...

(கருமத்தம்பட்டியில் நடந்த கூட்டமைப்பின் மகளிர் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)





ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை என்றுதான் பேசுகிறோம். இன்னைக்கு என்னைச் சினிமாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. "சினிமாக் கதை கேக்கவா வண்டிச் சத்தம் குடுத்து வந்தோம்?" என்று பின்னாடி ஒரு அக்கா முணுமுணுக்கறது எனக்குக் கேட்குது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க அக்கா. கடைசியில் உள்கடனுக்கே வந்து சேர்ந்துடறேன்.

சினிமா நமக்குப் புதுசு இல்லீங்க. தென்னாட்டில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் நம்ம கோயமுத்தூர்க்காரர். ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905-ல் படம் காட்டும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினார். 1914 வாக்கில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரின் பேரில்தான் இன்றைக்கும் டவுனில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' 1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் படமாக வந்தது. சிவகுமார் இங்கே பக்கத்தில் சூலூர் காசிக்கவுண்டன்புதூர்க்காரர். பாக்யராஜ் கோபிச்செட்டிபாளையம் பக்கம் வெள்ளாங்கோயில். அதனால் சினிமாவைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இருக்கிறது.

தார் சுத்திக்கிட்டே பேசும்போதும், கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதும் நாம ஒரு வார்த்தை அடிக்கடி சொல்லுவோம். "படம் நல்லாத்தான் இருந்துச்சு, முடிவுதான் இப்படிப் பண்ணிப் போட்டாங்க." இதை நாம சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் அது ஒரு தீர்ப்பு. படம் எடுத்தவர் ஒரு முடிவு சொன்னார், அது சரியில்லை என்று நாம சொல்கிறோம். ஏன் சரியில்லை? எங்கே தப்பிப்போச்சு? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போகிறோம்.

அழ வைக்கிற முடிவு வேற, ஏமாத்தற முடிவு வேற

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். சோகமாக முடிந்தால் அது மோசமான முடிவு என்று அர்த்தமில்லை.

1961-ல் வந்த 'பாசமலர்' படத்தில் அண்ணன், தங்கை இரண்டு பேரும் கடைசியில் செத்துப் போகிறார்கள். சிவாஜியும் சாவித்திரியும் நடித்த அந்தக் காட்சியைப் பார்த்து நம்ம அம்மாக்கள் முந்தானை நனைய அழுதார்கள். ஆனால் யாரும் "ஏமாத்திட்டாங்க" என்று சொல்லவில்லை. அந்தப் பாசம் அப்படித்தான் முடியும் என்று படம் ஆரம்பத்திலிருந்தே நம்மைத் தயார் பண்ணி வைத்திருந்தது.

1982-ல் பாலு மகேந்திரா எடுத்த 'மூன்றாம் பிறை' இன்னொரு உதாரணம். நினைவு தப்பிப்போய் குழந்தை மாதிரி ஆகிவிட்ட பெண்ணைக் கமல் ஊட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அவளுக்கு நினைவு திரும்புகிறது. கேத்தி ரயில் நிலையத்தில் மழையில், சேற்றில், குட்டிக்கரணம் போட்டுக் காட்டியும் அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ரயில் போய்விடுகிறது. "பாவி, திரும்பிப் பார்த்திருக்கலாமே" என்று ஸ்ரீதேவியைத் திட்டாதவங்க கிடையாது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அவள் என்ன தப்பு செய்தாள்? பழைய நினைவு திரும்பும்போது நடுவில் நடந்தது மறந்து போய்விட்டது. அப்பா அம்மாவோடு சொந்த வீட்டுக்குப் போகிறாள். வெளியே யாரோ ஒரு ஆள் ஏதோ செய்கிறார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கதை எப்படிப் போனதோ அந்த வழியிலேயே முடிவும் வந்தது. பாவு எந்த நூலோ துணியும் அதே நூல்தானே? வெள்ளைப் பாவைப் பிணைத்துவிட்டு, கடைசி முழத்தில் மட்டும் சிவப்புத் துணி வரணும் என்றால் வருமா?

அப்ப ஏமாத்தற முடிவு எது? இரண்டரை மணி நேரம் ஒரு பெண்ணைத் தன் காலில் நடக்க விடுவார்கள். அவள் யோசிப்பாள், பேசுவாள், சம்பாதிப்பாள், எதிர்த்து நிற்பாள். நாமும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். கடைசிப் பத்து நிமிஷத்தில் விதி, தாலி, தியாகம், கத்தி என்று எதையாவது கொண்டுவந்து, அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். பாவு ஒன்று, வந்த துணி வேறொன்று. அதைத்தான் ஏமாத்தற முடிவு என்கிறேன்.

தியாகம் என்ற முடிவு

நம்ம படங்களில் பெண்களுக்கு அதிகமாக வழங்கப்பட்ட முடிவு தியாகம்தான்.

1959-ல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு'. அக்கா கீதா துணி தைத்துச் சம்பாதித்துத் தங்கை வசந்தியைப் படிக்க வைக்கிறாள். வசந்தியும் பாஸ்கரும் விரும்புகிறார்கள். அக்காவுக்கும் பாஸ்கர் மேல் ஆசை என்று தெரிந்ததும், "நீங்கள் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள்" என்று வசந்தி அவரை வற்புறுத்துகிறாள். கல்யாணம் நடக்கிறது. மூன்று பேர் வாழ்க்கையும் கெடுகிறது. கீதா இறந்த பிறகு பாஸ்கர் கைக்குழந்தையோடு வசந்தியைத் தேடி அலைகிறார். கண்டுபிடிக்கும்போது அவளுக்கு வேறொருவரோடு அப்போதுதான் தாலி ஏறியிருக்கிறது. குழந்தையையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டு நடந்து போய்விடுகிறார்.

அருமையான படம். தங்கவேலு காமெடியை இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரித்துப் பார்க்கலாம். ஆனா எனக்கு ஒரு கேள்விங்க. இவ்வளவு பெரிய தியாகம் செய்த வசந்தி, யாருக்காகச் செய்தாளோ அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? கையூன்றி நின்று தையல் மிஷின் மிதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய அக்காவுக்கு உண்மையைத் தாங்கிக்கொள்ளத் தெரியாதா? சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பாள், மூன்றாம் நாள் தங்கைக்கு ரவிக்கை தைக்க உட்கார்ந்திருப்பாள். சொல்லாமல் மறைத்துச் செய்த தியாகம், கடைசியில் அந்த அக்காவைத்தான் முதலில் கொன்றது.

அடுத்தது 1974-ல் பாலசந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை'. சுஜாதா நடித்த கவிதா, வேலைக்குப் போய் ஒரு பெரிய குடும்பத்தையே சுமக்கிறாள். விதவைத் தங்கைக்கு மறுமணம் செய்து வைக்கிறாள். பொறுப்பில்லாத அண்ணன் கடைசியில் திருந்தி, "இனிமேல் குடும்பத்தை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். அப்பாடா, இனி இவளுக்கும் ஒரு வாழ்க்கை என்று நாம் மூச்சு விடும்போது, கல்யாண நாளன்றே அண்ணன் கொலை செய்யப்படுகிறார். கவிதா தனக்கு வந்த மாப்பிள்ளையைத் தங்கைக்குக் கட்டி வைத்துவிட்டு மறுபடியும் அதே வேலை, அதே சுமை.

எங்க குழுவில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியபோது ஒரு அக்கா விடவே இல்லை. "அதுதான் உண்மை அம்மணி. தலைச்சன் பொண்ணாப் பொறந்தவ பாடு அப்படித்தான். நல்லபடியா முடிச்சிருந்தா அது பொய்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேரே தொடர்கதை, அதற்கு முடிவு எப்படி வரும்? ஆனால் அண்ணனைக் கொன்றது வாழ்க்கையா, கதை எழுதியவரா? அண்ணன் உயிரோடு இருந்து, நாள்பட நாள்பட மறுபடி பொறுப்பைத் தட்டிக் கழித்திருந்தால் அது நம்ம வீட்டுக் கதை. திடீரென்று ஒரு கொலையை நடுவில் போட்டால் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாப் பழியும் விதி தலையில் போய்விடுகிறது. வீட்டு ஆம்பளைங்க தப்பித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, நம்ம சூலூர்க்காரர் நடித்த 'சிந்து பைரவி', 1985. சிந்துவாக நடித்த சுஹாசினிக்குத் தேசிய விருது கிடைத்தது. எவ்வளவு தெளிவான பெண் சிந்து! பெரிய வித்துவான் சபையில் பாடும்போதே எழுந்து, சாமானிய ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் பாடினால் என்ன என்று கேட்கிறவள். அப்படிப்பட்டவள் கடைசியில் என்ன செய்கிறாள்? தான் பெற்ற குழந்தையைப் பைரவி கையில் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போகிறாள். தப்பில் பாதிப் பங்கு உள்ள ஜே.கே.பி.க்கு மனைவியும் இருக்கிறாள், குழந்தையும் கிடைத்தது, பாட்டும் திரும்பி வந்தது. சிந்துவுக்கு என்ன மிச்சம்? நமக்கு மட்டும் இல்லை, பாலசந்தருக்கே இந்தக் கதை முடியவில்லை போலிருக்கிறது. பல வருஷம் கழித்து 'சஹானா' என்று டி.வி. தொடராக இதைத் தொடர்ந்தார்.

தாலி என்ற முடிவு

இப்ப நம்ம பாக்யராஜ் படத்துக்கு வருவோம். 1981-ல் வந்த 'அந்த 7 நாட்கள்'. கையைத் தூக்குங்க, யார் யார் பார்த்திருக்கீங்க? பாதிக்கு மேல் பார்த்திருக்கீங்க.

பாலக்காட்டிலிருந்து சினிமாவில் பாட்டமைக்க வாய்ப்புத் தேடி வரும் ஏழை மாதவன். அவனை விரும்பும் வசந்தி. வீட்டில் அவளைக் கட்டாயப்படுத்தி ஒரு டாக்டருக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். முதலிரவன்றே விஷம் குடிக்கிறாள். காப்பாற்றிய டாக்டர் ஆனந்த் நல்ல மனுஷன். "என் அம்மா சாகக் கிடக்கிறார்கள், ஒரு வாரம் பொறுத்துக்கொள், நானே உன்னை மாதவனிடம் சேர்த்து வைக்கிறேன்" என்கிறார். சொன்னபடியே மாதவனைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டியும் வருகிறார்.

அப்புறம்தான் அந்தக் கிளைமாக்ஸ். தாலியைக் கழற்றட்டும், கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறான் மாதவன். அது நடக்கவில்லை. கட்டினவருக்கும் மனசு வரவில்லை, கட்டிக்கொண்டவளுக்கும் முடியவில்லை. மாதவன் தன் ஆர்மோனியப் பெட்டியோடு போய்விடுகிறான்.

தியேட்டரில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. இதையே 'வோ சாத் தின்' என்று 1983-ல் இந்தியிலும் எடுத்தார்கள். இன்றைக்கும் இந்த முடிவை மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம கூட்டத்திலும் இருப்பீங்க. டாக்டர் தங்கமான மனுஷன், அவரைவிட்டு ஏன் போகணும் என்று கேட்கறீங்க. நியாயம்தான்.

என் வருத்தம் அவள் யாரோடு வாழ்ந்தாள் என்பதில் இல்லைங்க. டாக்டரோடு வாழ்ந்தது நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் முதல் தடவை வீட்டுப் பெரியவர்கள் முடிவு பண்ணினார்கள், விஷம் குடித்தாள். இரண்டாம் தடவை டாக்டர் முடிவு பண்ணினார், ஒரு வாரம் காத்திருந்தாள். மூன்றாம் தடவை மாதவன் முடிவு பண்ணினான், நின்று பார்த்தாள். "எனக்கு இந்த டாக்டரைப் பிடிச்சுப் போச்சு, நான் இங்கேயே இருக்கேன்" என்று வசந்தி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதே முடிவு எவ்வளவு நல்ல முடிவாக இருந்திருக்கும்! அவளுக்குப் பதிலாகத் தாலி பேசிவிட்டது.

கத்தி என்ற முடிவு

2007-ல் அமீர் எடுத்த 'பருத்திவீரன்'. சிவகுமார் அவர்களின் மகன் கார்த்திக்கு முதல் படம். முத்தழகாக நடித்த பிரியாமணிக்குத் தேசிய விருது. தைரியமான பொண்ணு முத்தழகு. அப்பன் அடித்தாலும் உதைத்தாலும் தான் நினைத்ததை மாற்றிக்கொள்ளாதவள். கடைசியில் அவளுக்கு நடக்கும் கொடுமையைச் சபையில் விவரிக்க வேண்டாம். பார்த்தவர்கள் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார்கள்.

"வீரன் செய்த பாவம் அவனையே சுற்றி வந்தது, அதுதான் படம் சொல்லும் நீதி" என்பார்கள். எனக்குக் கணக்கு உதைக்குதுங்க. கடன் வாங்கினது ஒருத்தர், வட்டி கட்டினது இன்னொருத்தரா? நம்ம குழுவில் அப்படி எழுதினால் ஒத்துக்கொள்வோமா? ஆம்பளை செய்த பாவத்தைப் பொம்பளை உடம்பில் வசூலிப்பது சினிமாவில் மட்டும் நடப்பதில்லை. அதனால்தான் அந்த முடிவு அவ்வளவு வலிக்கிறது.

பாலாஜி சக்திவேலின் 'காதல்', 2004. மதுரை மெக்கானிக் பையன், வசதியான வீட்டுப் பள்ளிக்கூடப் பொண்ணு. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்களைப் பிரித்து, பையனை அடித்து நொறுக்கி, பொண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம். பல காலம் கழித்துத் திண்டுக்கல் ரோட்டில், புத்தி பேதலித்துத் திரியும் அவனைப் பார்த்துக் கதறுகிறாள். அவள் புருஷன் நல்லவர், அவனைக் கூட்டிப்போய்ப் பராமரிக்கச் சேர்க்கிறார். ஊரே அழுதது, நானும் அழுதேன். சாதி வெறி என்ன செய்யும் என்று அந்தப் படம் உள்ளபடி காட்டியது, அதில் குறை இல்லை. ஆனால் அந்தப் பொண்ணு பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாளே, அவள் படிப்பு என்ன ஆச்சு என்று படத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. படம் பார்த்த நாமும் கேட்கவில்லை.

அதே இயக்குநர் 2007-ல் 'கல்லூரி' என்று ஒரு படம் எடுத்தார். சிரிப்பும் நட்புமாகப் போகும் படம். கடைசியில் சுற்றுலா போகும் பஸ்ஸுக்குத் தீ வைக்கிறார்கள், மாணவிகள் மூன்று பேர் கருகிப் போகிறார்கள். "கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் முடித்துவிட்டார்" என்று குறை சொன்னவர்கள் உண்டு. வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். நம்மால் சொல்ல முடியாது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 2-ம் தேதி தருமபுரி பக்கம் எரிக்கப்பட்டது நம்ம கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பஸ். செத்தது அங்கே படித்த மூன்று பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் வாழ்க்கைக்கும் அந்தத் தீக்கும் என்ன சம்பந்தம் இருந்தது? ஒன்றும் இல்லை. சம்பந்தம் இல்லாமல் வந்ததுதான் அதன் கொடுமை. அந்த வழக்கில் தண்டனை பெற்ற மூன்று பேரும் 2018-ல் விடுதலை ஆகிவிட்டார்கள். பெற்றவர்களுக்கு அந்தக் கதை எப்போது முடியும்?

ஆக, எல்லா ஏமாற்றமும் ஒரே ரகம் இல்லை. சிலது எடுத்தவர் செய்த ஏமாற்று. சிலது நாட்டில் நடந்ததை நம் முகத்துக்கு நேரே பிடித்த கண்ணாடி.

முடிவை மாத்த முடியாதா?

சினிமாவில் முடிவு என்பது கல்லில் செதுக்கியது இல்லை. 1975-ல் வந்த 'ஷோலே' இந்திப் படம் தெரியுமல்லவா? கையிழந்த டாக்கூர், கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைக் காலாலேயே கொல்வதாகத்தான் முதலில் எடுத்தார்கள். நெருக்கடி நிலைக் காலம். சட்டத்தைத் தனி ஆள் கையில் எடுக்கக் கூடாது என்று தணிக்கைக் குழு சொல்ல, போலீஸ் வந்து பிடித்துப்போவதாக மாற்றினார்கள். பக்கத்துக் கேரளாவில் 1998-ல் 'ஹரிகிருஷ்ணன்ஸ்' என்ற படத்தில் மம்முட்டி, மோகன்லால் இரண்டு பேரும் ஒரே பெண்ணை விரும்புகிறார்கள். யாருக்கு அவள் கிடைத்தாலும் மற்றவர் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதனால் ஒரு தியேட்டரில் ஒரு முடிவு, இன்னொரு தியேட்டரில் வேறு முடிவு என்று காட்டினார்கள்! அப்படியென்றால் என்ன அர்த்தம்? முடிவு என்பது யாரோ சில பேர் உட்கார்ந்து, யாருக்குப் பயந்தோ, யாரைத் திருப்திப்படுத்தவோ எடுக்கிற தீர்மானம். பெண்களை நிமிர வைத்து முடித்த படங்களும் வந்திருக்கின்றன. பாரதிராஜாவின் 'புதுமைப் பெண்' 1984-லேயே வந்தது. கொலைப்பழியில் சிக்கிய புருஷனுக்காக ஓடியாடிப் போராடியவளை, திரும்பி வந்த அவனே சந்தேகப்படும்போது, வீட்டைவிட்டு நடந்து போகிறாள் ரேவதி. மக்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது பொய். அந்தப் படம் நன்றாக ஓடியது.

ஒரே மழை, இரண்டு முடிவு

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கதை சொல்கிறேன். ஜெயகாந்தன் 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். மழையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், உன் மேல் தப்பில்லை என்று தேற்றி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. "அதெப்படி இப்படி முடிக்கலாம்?" என்று பெரிய சர்ச்சை கிளம்பியது.

ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? சரி, அம்மா அப்படிச் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாவலே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் அம்மா கூச்சல் போட்டு ஊருக்கே தெரிய வைத்துவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்தப் பெண் கங்கா படித்து, பெரிய வேலைக்கும் போகிறாள். ஆனாலும் அவள் வாழ்க்கை அந்த மழை நாளிலேயே நின்றுவிடுகிறது. அந்த நாவலுக்கு 1972-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பீம்சிங் அதைப் படமாக எடுத்தார், கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது.

யோசிச்சுப் பாருங்க. அதே பெண், அதே மழை, அதே கார். முடிவு மாறியது ஒரே ஒரு இடத்தில்தான். கதவைத் திறந்த அம்மா என்ன செய்தாள் என்ற அந்த இடத்தில். ஒரு குடம் தண்ணீரா, ஒரு கூச்சலா? அந்த ஒரு நிமிஷம்தான் ஒரு சிறுகதையை ஒரு முழு நாவலின் துக்கமாக்கியது. அந்த நிமிஷம் அந்த அம்மா கையில் இருந்தது.

இனி உள்கடன்

சொன்னபடி உள்கடனுக்கு வந்துவிட்டேன்.

நமக்குத் தெரிந்த ஒரு குழுவில் நடந்தது. ஊர், பேர் வேண்டாம். உறுப்பினர் அக்கா ஒருவர் கல்யாணச் செலவுக்கு உள்கடன் கேட்டார். பெண்ணுக்குப் பதினேழு வயசு, பிளஸ் டூ முடித்திருந்தாள். யாரோ ஒரு பையனோடு பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருந்தாள் என்று சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்னாராம். பேசியதற்குத் தண்டனை, ஒரே மாசத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு முப்பத்தி ரெண்டு வயசு.

கடன் கேட்டவர் சேமிப்பு ஒழுங்காகக் கட்டுகிறவர். பழைய கடன் பாக்கி இல்லை. விதிப்படி பார்த்தால் கொடுக்க வேண்டியதுதான். தீர்மானப் புத்தகத்தில் எழுதக் கையும் எடுத்துவிட்டார்கள். அப்போது ஒரு உறுப்பினர், "வாரம் வாரம் டி.வி.யில படத்தைப் பார்த்துப்போட்டு, முடிவு சரியில்லைன்னு பேசறோம். இந்தப் புள்ளையோட முடிவை நாமதானே இப்ப எழுதறோம்?" என்றார். எழுதப் போன கை நின்றுவிட்டது.

பதினெட்டு வயசுக்கு முன்னால் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம், நடத்தி வைப்பவர்களுக்கும் தண்டனை உண்டு என்று ஊக்குநர் எடுத்துச் சொன்னார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாசம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் தொடங்கியதே, அதன் பேரே 'புதுமைப் பெண்' என்பதையும் சொன்னார். கல்யாணத்துக்குக் கடன் இல்லை, காலேஜுக்கு என்றால் அதே தொகை உடனே தருகிறோம் என்று தீர்மானம் போட்டார்கள்.

அந்த அக்காவுக்குக் கோபம் வராமல் இருக்குமா? "உங்க வீட்டுப் புள்ளையா இருந்தா தெரியும்" என்று எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. நாலாவது வாரம் வந்து, ஒன்றும் பேசாமல் கடன் விண்ணப்பத்தில் "படிப்புச் செலவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெண் இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். அந்தக் கேள்வி கேட்ட உறுப்பினரோடு மட்டும் அந்த அக்கா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தவணை மட்டும் தவறுவதில்லை. சினிமாவாக இருந்தால் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். இது வாழ்க்கை, மெதுவாகத்தான் வரும்.

அக்காமார்களே, தங்கச்சிகளே! நம்ம பக்கத்தில் மில்லுக்குப் போன எத்தனையோ பிள்ளைகளிடம் "மூணு வருஷம் முடிச்சா கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம்" என்று சொல்லி, இரண்டே முக்கால் வருஷத்தில் ஏதோ காரணம் காட்டி அனுப்பிய கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அதுவும் ஏமாத்தற முடிவுதான். சொத்துப் பிரிக்கும்போது "பொண்ணுதானே, பவுன் போட்டாச்சு" என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989-லிருந்தே பெண்ணுக்குச் சமபங்கு சட்டம் இருக்கிறது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதைக்கும் வேறு யாரோ முடிவு எழுதிவிடுவார்கள்.

சினிமா எடுத்தவரிடம் போய் முடிவை மாத்தச் சொல்ல நம்மால் முடியாது. ஆனால் நம்ம வீட்டில், நம்ம குழுவில் நடக்கிற கதைக்கு இன்னும் "வணக்கம்" போடவில்லை. வசந்தி வாய் திறக்கவில்லை, நம்ம வீட்டு வசந்திகளைக் கேட்போம். கீதாவுக்கு உண்மை சொல்லவில்லை, நாம் சொல்லுவோம். கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நின்றால் என்ன செய்வது என்று, அவள் வருவதற்கு முன்பே முடிவு பண்ணி வைத்துக்கொள்வோம். 

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நீங்கள் பார்த்த படங்களில் எந்தப் படத்தின் முடிவு உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது? நீங்களாக இருந்தால் எப்படி முடிப்பீர்கள்?

2. 'அந்த 7 நாட்கள்' வசந்தியை யாராவது கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்?

3. நம் குழுவில் இதுவரை கல்யாணச் செலவுக்குக் கொடுத்த கடன் எத்தனை, பெண் பிள்ளைகளின் மேல்படிப்புக்குக் கொடுத்த கடன் எத்தனை? பதிவேட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

4. அவசர உதவிக்கு: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த இரண்டு எண்களும் எல்லா உறுப்பினருக்கும் தெரியுமா? பிள்ளைகளுக்குத் தெரியுமா?